மந்திரித்த பெட்டி

அந்த ஐப்பசியில் ஏற்காட்டில் குளிராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெள்ளக்கடை ரோட்டில், ஒரு பழைய காப்பிக் குடோனில், ஒரு பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி என்றால் சாமான்களைச் சோதிக்கிற சேம்பர், பீரோவை விடப் பெரியது. உள்ளே ஆள் நின்று குளிக்கலாம். மைனஸ் நாற்பது வரை குளிரவும், நூற்றைம்பது வரை கொதிக்கவும், கேட்டால் சென்னையின் மே மாத வேர்வையை அப்படியே பிழிந்து கொடுக்கவும் கடமைப்பட்டது. ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தெருவிளக்கு, மீட்டர் பெட்டி, டிராக்டர் ரப்பர் எல்லாம் மலையேறி வந்து அதற்குள் உட்காரும். ராஜஸ்தானில் உருகுமா, லடாக்கில் வெடிக்குமா என்று பரீட்சை எழுதிவிட்டு இறங்கிப் போகும். அந்தப் பெட்டிதான் இப்போது மைனஸ் நாற்பது கேட்டால் பதினாறு டிகிரியில் வந்து நின்றுகொண்டு, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. விடியற்காலையில் வெளியே பதினைந்து.

"கதவத் தொறந்து வெச்சுட்டா ஒரு டிகிரி கொறையுமில்லக்கா?" என்றாள் பாப்பாத்தி.

அவள் கிண்டல் செய்யவில்லை. அடிவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, குடோனைக் கூட்டி, பார்சல் கட்டிவிட்டுப் போகிறவள். செலவு குறைந்த வழி எதுவோ அதைச் சொன்னாள்.

"மொதலாளி காதுல போட்டுறாத," என்றாள் செல்வமேரி. "செவுத்த இடிச்சுப்போட்டு, ஏற்காடே நம்ம சேம்பர்தான்னு போர்டு மாட்டிப்புடுவாரு."

முதலாளி பாலசுப்பிரமணியம் அப்படிச் செய்யக்கூடியவர்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் பெட்டியைச் சேலத்தில் வைக்காமல் மலைக்கு ஏற்றியதே கரண்ட் பில்லுக்குப் பயந்துதான். குளிர்ந்த ஊரில் வைத்தால் குளிர வைக்கிற செலவு மிச்சம் என்று யாரோ சொன்னார்கள். வாங்குகிற செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியானது. வைத்துக் காப்பாற்றுகிற செலவு மலை மேல் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மூடுபனி ஜன்னல் வழியாக வந்து ஒயரையெல்லாம் நக்கியது. மற்ற சாமான் துருப்பிடிக்கிறதா என்று பார்க்க வாங்கிய இயந்திரம் தானே துருப்பிடித்துக் காட்டியது. மழை பிடித்தால் கரண்ட் போகும், ஜெனரேட்டர் டீசல் குடிக்கும். மெக்கானிக் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். ஏறி வந்தவனின் தலைசுற்றலும் பில்லில் ஒரு வரியாக இருக்கும்.

சூடும் ஈரமும் மட்டும் பெட்டிக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் ஒரு கம்பெனியின் தெருவிளக்குகளை எண்பத்தைந்து டிகிரியில், ஆவியோடு, ஆயிரம் மணி நேரம் வேகவைக்கிற சோதனை ஓடிக்கொண்டிருந்தது. இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று இருபத்தெட்டாவது நாள்.

செல்வமேரிக்கு நாற்பத்தாறு வயது. முன்பு எஸ்டேட்டில் காப்பிக் கொட்டையில் கறுப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆயிரம் கொட்டைக்குள் ஒரு சொத்தையைக் கண்டுபிடிக்கிற கண்ணை அப்படியே கொண்டுவந்து பெட்டியின் முன்னால் வைத்தாள். காலை எட்டு மணிக்கு வந்ததும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற மெல்லிய அலுமினிய மடிப்புகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். மாதம் ஒரு தடவை அது. ஈரத்தை அளக்க உள்ளே ஒரு பருத்தித் திரி உண்டு. ஒரு முனை தண்ணீரில் தொங்கும், மறுமுனை தெர்மாமீட்டருக்குச் சட்டை மாட்டியிருக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை திரியை மாற்றுவாள். திரிக்கும் ஆவிக்கும் வேண்டிய, உப்பில்லாத பேட்டரித் தண்ணீரை அடிவாரம் பங்க்சர் கடையிலிருந்து கேன் கேனாகப் பாப்பாத்தி பஸ்ஸில் ஏற்றி வருவாள். கண்டக்டர் கேனுக்கு டிக்கெட் கேட்பார், பாப்பாத்தி கேனை மடியில் வைத்துக்கொண்டு, "கொழந்தைங்க" என்பாள். கடைசியில், பெட்டிக் கதவைச் சாத்தும்போது கீழ் மூலையில் வலது முழங்காலால் ஒரு தள்ளு. அந்தத் தள்ளு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தள்ளாவிட்டால் ராஜஸ்தான் கதவிடுக்கு வழியாக ஏற்காட்டுக்குள் ஒழுகிவிடும்.

முதலாளியின் சேலம் ஆபீஸிலிருந்து கடிதம் அன்று, வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்குக் கூரியரில் வந்தது. உறைக்குள் இரண்டு தாள். முதல் தாள் முதலாளிக்குச் செல்வமேரி எழுதிய கடிதம். அவளுக்கு எதற்குச் சிரமம் என்று அவர்களே டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

*

வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. கூரையில் குரங்கு உடைத்த ஓட்டின் வழியாக மழை மூன்று இடத்தில் ஒழுகி, மூன்று பாத்திரத்தில் மூன்று விதமாகச் சத்தம் போட்டது.

"ஏனுங்க, இதப் படிங்க. சத்தமாப் படிங்க."

அவள் புருஷன் பாக்கியநாதன் எஸ்டேட் ரைட்டர். முப்பது வருடமாகக் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் என்று நோட்டில் ஏற்றுகிறவர். எதைப் படித்தாலும் பேர் கூப்பிடுகிற குரலில்தான் படிப்பார்.

"'மேற்படி இயந்திரத்தில், எனது கவனக்குறைவால், மலை ஊற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி வந்தபடியால்...'"

"ஊத்துத் தண்ணியா! பாப்பாத்தி இடுப்பு ஒடிஞ்சதெல்லாம் எந்தத் தண்ணிக்காம்?"

"இரு. '...ஏற்பட்ட பழுதுக்கு நானே முழுப் பொறுப்பு. எனக்குச் சேர வேண்டிய பன்னிரண்டு வருட சர்வீஸ் பணத்தை மேற்படி செலவில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். தற்போது நடக்கும் சோதனை முடிந்த மறுநாள் நானாகவே வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.'" கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்கறான்."

"நல்லாருக்குதுங்களா?"

"எழுத்தச் சொன்னேன்."

செல்வமேரி களியை உருட்டி அவர் தட்டில் வைத்தாள். வைத்த வேகத்தில் குழம்பு அவர் சட்டையில் தெறித்தது.

"போட்டுக் குடுத்துரு மேரி," என்றார் அவர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "பெரிய ஆளுங்க. அவங்ககிட்ட மல்லுக்கட்டி ஆவறதில்ல. ஒரு கையெழுத்து போட்டா கை தேஞ்சா போவுது? நா முப்பது வருசமா போடாத கையெழுத்தா? அதுல பாதி என்ன ஏதுன்னு பாக்காம போட்டதுதான்."

"அதான் ஊடு ஒழுவுது."

"ஊட்ட எதுக்கு இழுக்கற?"

"சர்வீஸ் பணம் வந்தா தகரம் மாத்தலாம்னு பன்னெண்டு வருசமா நீங்கதான சொன்னீங்க? சரி, பணம் போனா போவட்டுங்க. இன்னும் நாலு குண்டா வாங்கி வெச்சுக்கறேன். இந்தக் கடுதாசி எங்கீங்க போவும்? நாளைக்கு எந்தக் கம்பெனில போய் நின்னாலும், இவதான் மிசினுக்கு ஊத்துத் தண்ணி ஊத்துனவன்னு சொல்லுவாங்க. செத்தா கல்லறைல பேருக்குக் கீழ அதத்தான் வெட்டுவாங்க. பூ வெக்க வர்றவங்க படிச்சுப் பாத்துட்டு சிரிச்சுட்டுப் போவாங்க."

பாக்கியநாதன் தாளைப் புரட்டினார். பேச்சு முற்றும்போது அடுத்த தாளுக்குப் போய்விடுவது அவர் வழக்கம்.

இரண்டாம் தாள், சர்வீஸ் கம்பெனி பில்படி, பெட்டி பன்னிரண்டு வருடத்தில் தின்று தீர்த்ததன் பட்டியல். இத்தனையும் ஒரு பெண்பிள்ளையின் அஜாக்கிரதையால் வந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக இணைத்திருந்தார்கள்.

"'கதவு ரப்பர், வருடம் ஒன்று வீதம் பன்னிரண்டு. விசிறி மோட்டார், நான்கு. இரண்டாயிரத்துப் பதினெட்டு, கம்ப்ரசர் புதியது, ஒன்று. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, கம்ப்ரசர் புதியது...'"

"நில்லுங்க," என்றாள் செல்வமேரி. "எது புதுசு?"

"கம்ப்ரசரு. ரெண்டு தடவ மாத்தியிருக்காங்க."

"போன மாசம்கூட பிரஸ்ஸு போட்டனுங்களே. மொதலாளி வெச்ச பொட்டு அப்படியே இருக்குது."

"என்ன பொட்டு?"

பெட்டியைத் திறந்து வைத்த அன்று பாலசுப்பிரமணியம் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். சர்வீஸ் கம்பெனிக்காரன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே கறுப்புக் குடம் மாதிரி உட்கார்ந்திருந்த கம்ப்ரசரைக் காட்டி, "சார், இதுதான் இதயம்" என்றான். இதயம் என்று தெரிந்த பிறகு சும்மா விட மனம் வருமா? சந்தனத்தை எண்ணெயில் குழைத்து அப்பி, அதன் மேல் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தினார். குடோன் சொந்தக்காரர் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதால் பங்குச் சாமியாரும் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்து, பெட்டியின் மேலும் கீழும் இதயத்திலும் தீர்த்தம் தெளித்தார். ஷார்ட் ஆகிவிடும் என்று சர்வீஸ்காரன் மட்டும் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். விசுவாசம் குறைந்த பையன்.

அன்றைக்குச் செல்வமேரிக்கு ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. அறுந்த செபமாலை, மூக்கு உடைந்த சுரூபம், காய்ந்த குருத்தோலை எதுவானாலும் எடுத்து வைத்து, சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் எரிக்கக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். பெட்டி மந்திரித்தது. அப்படியானால் பெட்டியிலிருந்து கழன்று விழுகிற திருகாணி? சாமியாரிடம் கேட்டாள். மாற்றலாகிப் போகிற அவசரத்தில் இருந்தவர், "எடுத்து வையம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்து வந்தவர் நட்டு போல்ட்டை எரித்துச் சாம்பலாக்க முடியாது என்று கையை விரித்தார். ஆகவே பன்னிரண்டு வருடமாகப் பெட்டியிலிருந்து எது வெளியே வந்தாலும், திரி, ரப்பர், பேரிங் எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதிக் கட்டப்பட்டு, அவர்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு காப்பிச் சாக்கில் போய்ச் சேர்ந்தன. சந்தனக் குங்குமத்தையும் அதே காரணத்துக்காக அவள் ஒருநாளும் துடைத்ததில்லை. அது வேறு சாமியுடையதுதான், ஆனால் மேலே தீர்த்தம் விழுந்துவிட்டதே.

சாக்கை இழுத்து நடுவீட்டில் கொட்டினாள். மழைச் சத்தம் அதில் அடங்கிப்போனது.

பாக்கியநாதன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஆளோ சாமானோ, வரிசையாக முன்னால் நின்றுவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"கதவு ரப்பர் பன்னெண்டு!"

"ரெண்டு இருக்குதுங்க."

"பத்து ஆப்சென்ட்." பட்டியலில் கோடு போட்டார். "விசிறி மோட்டார் நாலு!"

"ஒண்ணு."

"மூணு ஆப்சென்ட். கம்ப்ரசர் ரெண்டு!"

செல்வமேரி காலிச் சாக்கை உதறிக் காட்டினாள்.

"கம்ப்ரசர் ரெண்டு!" என்றார் மறுபடி, இரண்டாம் தடவை கூப்பிடாமல் ஆப்சென்ட் போடுகிற பழக்கம் இல்லாதவர். பிறகு கோடு போட்டார். போட்டுவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க எஸ்டேட்டுலயும் வராத ஆளுக்குச் சம்பளம் போடுவாங்க," என்றார் மெதுவாக. "ஆனா வந்து நிக்கிற ஆளப் புடிச்சு, அந்தச் சம்பளத்த நீ கட்டுன்னு சொன்னதில்ல."

"அப்ப கையெழுத்து?"

"கருவாட்டு மொளகா கையோட இருக்கறேன், என்னையக் கெளறாத," என்றார். அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்பது அவ்வளவு சுலபத்தில் வராது.

*

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முதலாளியின் கார் வந்தது. பாலசுப்பிரமணியம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி இறங்கினார். வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வருவார், பெட்டியின் முன்கதவில் பொட்டு வைப்பார், போய்விடுவார். பின்னால் சர்வீஸ் கம்பெனி நவீன் இறங்கினான். முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ஏரியில் படகு விடப் போகிறவன்.

"மேரிம்மா, நல்லாருக்கீங்களா?" என்றார் முதலாளி. "கடுதாசி வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. காப்பி குடிங்க."

"கையெழுத்து?"

"காப்பி குடிங்க மொதல்ல. வவுறு கலங்கியிருக்கும்."

அவர் குடித்தார். நவீன் பெட்டியின் கண்ணாடி வழியாக வெந்துகொண்டிருந்த தெருவிளக்குகளைப் பார்த்து, யாரும் கேட்காமலே பேசினான். "உள்ள உப்பு ஸ்கேலாப் படிஞ்சிருச்சு சார். ஊத்துத் தண்ணில உப்பு ஜாஸ்தி. அக்காவச் சொல்லிக் குத்தமில்ல, படிச்சவங்களா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நவீனு கண்ணு," என்றாள் செல்வமேரி, "தண்ணி ஆவியா போற பாத்திரம் எங்க இருக்குது?"

"அடியில."

"குளுர வெக்கிற கம்ப்ரசரு?"

"பக்கத்துல."

"அடியில ஊத்துன தண்ணி பக்கத்துல இருக்கறதக் கெடுக்குமா சாமி? இல்ல படிக்காதவ, தெரியாமத்தான் கேக்கறேன்."

நவீன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினான். பாப்பாத்தி விளக்குமாறோடு பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

செல்வமேரி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த காப்பிச் சாக்கை மேசையில் கவிழ்த்தாள். பார்சல் கட்டுகிற வெள்ளைக் காகிதத்தின் மேல் திரிகளும் ரப்பரும் பேரிங்கும் உருண்டன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு தேதி.

"இது என்னம்மா?" என்றார் முதலாளி.

"பன்னெண்டு வருசமா இந்த மிசின்ல இருந்து வெளிய வந்ததுங்க. மந்திரிச்ச மிசினுங்களா, எதையும் வீசல. உங்க பட்டியல்ல கதவு ரப்பர் பன்னெண்டு. வந்தது ரெண்டு."

"பழசெல்லாம் நாங்க கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிருவோம்க்கா," என்றான் நவீன். "ஸ்கிராப்பு. பாலிசி."

"அந்த ரெண்டையும் ஏன் உட்டுட்டுப் போனீங்க?"

"மறந்திருப்பாங்க. நா நாலு வருசமாத்தான வர்றேன்."

"கம்ப்ரசரும் எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா."

"எந்த வண்டியில?"

"வண்டியிலதான்."

"நீ எப்பவும் பஸ்ல வருவ," என்றாள் பாப்பாத்தி. "எங்கூடத்தான் வருவ. உன் பையில அது புடிக்குமா? அத மடில வெச்சு, கொழந்தைன்னு சொன்னா கண்டக்டர் நம்புவாரா?"

செல்வமேரி மடியிலிருந்து திருப்புளியை எடுத்தாள். எட்டுத் திருகாணி. எதை முதலில் தளர்த்த வேண்டும், எதைக் கடைசியில் என்று அவள் கைக்குத் தெரியும். பக்கவாட்டுத் தகடு, ஒரு கதவு அகலம், சாம்பல் நிறம், கழன்று வந்தது. சுவரில் சாய்த்தாள்.

உள்ளே கறுப்புக் குடம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்து, சூட்டில் வெந்து, பெயிண்ட்டாகவே மாறிவிட்டிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, மேலே ஒரு வெட்டுக்காயத்தின் கோடு.

பாலசுப்பிரமணியம் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலையும் பார்த்தார். சின்ன வயதில் தறிப்பட்டறையில் வாங்கிய வெட்டு.

எலுமிச்சம்பழம் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டு பெட்டிக்கு அடியில் போனது.

"புதுசு மாத்தும்போது பழசோட பொட்ட எடுத்து ஒட்டிட்டாங்களோ என்னமோ," என்றாள் பாப்பாத்தி.

"நீ சும்மா இரும்மா," என்றார் முதலாளி. நவீனைப் பார்த்தார். நவீன் ஸ்டிக்கரைப் பார்த்தான். முதலாளி நிமிர்ந்து, வேறு யாருக்கோ சொல்வது போல, "மூடுங்க" என்றார்.

"என்னங்க?"

"தகட்ட மாட்டுங்க மேரிம்மா. புரியுது எனக்கு. அது அப்புறம் பாத்துக்கலாம். புதன்கிழமை லைசென்ஸ் புதுப்பிக்க ஆடிட்டர் வர்றாரு. இவங்க கம்பெனி சர்டிபிகேட் குடுத்தாத்தான் அவரு முத்திரை போடுவாரு. மிசின் ஏன் கெட்டுச்சுன்னு கேட்டா எதாச்சும் ஒண்ணு சொல்லியாகணும். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. பணத்த நா தனியாப் பாத்துக் குடுக்கறேன். உங்கள உட்டுருவனா?"

"எதாச்சும் ஒண்ணுங்கறது எம் பேருங்களா?"

"பேருல என்னம்மா இருக்குது?"

"அப்ப உங்க பேரப் போடுங்க."

அவர் முகம் சிவந்தது. "இப்படிப் பேசினா நாளையிலிருந்து வர வேண்டாம்."

"சரிங்க," என்றாள் செல்வமேரி. "தெருவெளக்குக்கு இன்னைக்கு முப்பத்தோராவது நாளு. புதன்கிழமை ஈரத்திரி மாத்தணும், மாத்தலன்னா அளவு தப்பும், தப்புனா மொதல்ல இருந்து ஆயிரம் மணி நேரம். யாரு மாத்தறாங்க? நவீனு கண்ணு, திரில எந்த முனை தண்ணிக்குள்ள போவணும்?"

நவீன் யோசித்தான். "மேனுவல்ல இருக்கும் சார்."

"மேனுவல் ஜெர்மன் பாசைலிங்க," என்றாள் பாப்பாத்தி. "நாந்தான் தொடைச்சு வெக்கறேன்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். வளைவு இறங்கும்போது வரவேண்டிய மயக்கம் முன்கூட்டியே வந்துவிட்டது போலிருந்தது.

செல்வமேரி சாமான்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டாள். எட்டுத் திருகாணியையும் ஒரு காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, அதையும் போட்டாள். பிறகு தகட்டைத் தூக்கிப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, அத எங்க எடுத்துட்டுப் போறீங்க?" நவீன் பதறினான். "மாட்டணும். தொறந்து கெடந்தா நல்லாருக்காது!"

"மந்திரிச்ச மிசின்ல இருந்து கழண்டது எதுவும் இங்க கெடக்கக் கூடாது சாமி. இதும் பாலிசிதான்."

வாசலில் பாக்கியநாதன் டிவிஎஸ் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். எஸ்டேட்டில் அரைநாள் லீவு சொல்லியிருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். தகட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், உள்ளே நாற்காலியில் இருந்த முதலாளிக்குப் பழக்கதோஷத்தில் ஒரு வணக்கமும் வைத்தார்.

"ஏறு," என்றார்.

மூடுபனி ரோட்டை மூடியிருந்தது. தகடு காற்றைப் பிடித்துப் பாய்மரம் மாதிரி வண்டியை இடது பக்கம் இழுத்தது. இரண்டு தடவை சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துப் போய்த் திரும்பினார்கள். எதிரே வந்த ஜீப்காரன் தகடு மட்டும் தனியாகப் பறந்து வருவதாக நினைத்துப் பிரேக் போட்டான்.

"நல்லாப் புடிச்சுக்க," என்று கத்தினார் பாக்கியநாதன்.

"புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்!"

"கீழ போட்டுறாத!"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. ஏனுங்க, சிரிக்கறீங்களா?"

"இல்ல," என்றார் அவர். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஓடு உடைந்த இடத்தில் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று பாத்திரத்தில் இரண்டின் சத்தம் நின்றது. அன்று மாலை பாக்கியநாதன் வராந்தாவில் உட்கார்ந்து, எஸ்டேட் லெட்டர் எழுதுகிற குண்டு எழுத்தில் ஒரு தாள் எழுதினார். மூன்று தடவை கிழித்து நான்காவது தடவை திருப்திப்பட்டார்.

*

செவ்வாய்க்கிழமை செல்வமேரி வழக்கம்போல எட்டு மணிக்கு வேலைக்குப் போனாள். வர வேண்டாம் என்று சொன்னவர் வர வேண்டாம் என்று எழுதித் தரவில்லை. திறந்து கிடந்த பக்கத்தை மடிப்பு மடிப்பாகப் பிரஷ் போட்டாள். பார்சல் கொண்டுவந்த டிரைவர் எட்டிப் பார்த்து, பொட்டைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

புதன்கிழமை முதலாளி அவளுக்கு முன்னால் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். ஏழே முக்கால். வளைவுகள் ஏறிய முகம் வெளிறியிருந்தது.

"பத்து மணிக்கு ஆடிட்டர் வர்றாரு. தகட்டக் குடுங்க மேரிம்மா. நா அந்தக் கம்பெனிகிட்ட பேசிட்டேன். பயந்துட்டாங்க. பணத்தத் திருப்பித் தர்றாங்களாம், இல்ல புது கம்ப்ரசர் தர்றாங்களாம். எல்லாம் சரியாயிரும். இப்போதைக்கு மூடி வெச்சுருவோம்."

"கடுதாசி?"

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது. செல்வமேரி அதை மடித்து, தேதி எழுதி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அது எதுக்கும்மா?"

"மிசின்ல இருந்து வந்ததுதானுங்க இதும்." அதே பையிலிருந்து பாக்கியநாதனின் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். "இதப் படிச்சுப் பாருங்க."

மேற்படி இயந்திரத்தில் மேற்படி செல்வமேரி ஊற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை. பழுது பழைய கம்ப்ரசரால் வந்தது. அவருடைய பன்னிரண்டு வருட சர்வீஸ் பணம் முழுவதும் அவருக்கே சேரும். வேலை அவருடையது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"யாரு எழுதுனது?"

"ரைட்டரு."

"இதுல நா எதுக்கும்மா கையெழுத்து போடணும்? வாய்ல சொன்னா போதாதா?"

"ஒரு கையெழுத்து போட்டா கை தேஞ்சா போவுதுங்க?"

பாப்பாத்தி வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, மேசைக்கு வந்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். போட்டார். போட்டுவிட்டு, பேனாவைப் பாப்பாத்தியிடமே நீட்டினார்.

"இப்பத் தகட்டக் கொண்டாங்க."

"ஊட்டு மேல இருக்குதுங்க."

"ஊட்டு மேலயா?"

"ஓடு ஒழுவுச்சு. சர்வீஸ் பணம் வந்தா தகரம் வாங்கிப் போட்டுருவேன், அப்ப எறக்கிரலாம். அதுக்குள்ள உங்க புது கம்ப்ரசரும் வந்துரும். வரட்டுங்க, ரெண்டையும் ஒண்ணா மாட்டிரலாம்."

அவர் வாயைத் திறந்தார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. ஆடிட்டர் சேலத்திலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டாராம், வளைவுகள் அவரை ஒன்றும் செய்யவில்லையாம். கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவர் கோப்பைப் புரட்டி, பெட்டியைச் சுற்றி நடந்து, திறந்த பக்கத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். கோப்பில் 'கம்ப்ரசர் புதியது' என்ற வரியை விரலால் பிடித்தபடி உள்ளே பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"இது யார் வெச்ச பொட்டு?"

"மொதலாளி வெச்சதுங்க," என்றாள் செல்வமேரி. "தொறந்த அன்னைக்கு. பன்னெண்டு வருசமாச்சு."

பாலசுப்பிரமணியம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

செல்வமேரி கையைக் கழுவித் துடைத்தாள். முப்பத்து மூன்றாவது நாள், திரி மாற்ற வேண்டும். பெட்டிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்ததும் ஆவி புஸ்ஸென்று ஆடிட்டரின் கண்ணாடியை மூடியது. பழைய திரியை உருவி எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள், பாப்பாத்தியிடம் பேனா வாங்கித் தேதி எழுதினாள். புதுத் திரியை மாட்டினாள், எந்த முனை எங்கே என்று பார்க்காமலே. கதவைச் சாத்தி, வலது முழங்காலால் கீழ் மூலையில் ஒரு தள்ளு தள்ளினாள்.